தூணோரத்து மேசை

அந்த மேசை கைவிட்டுப் போவதற்கு முன்னால் பர்ஜோ செய்த கடைசிச் சாதாரணக் காரியம், முகம் துடைத்துக்கொண்டதுதான்.

காலையிலிருந்து சிங்கப்பூர் முழுவதும் மனைவி சுமியெம்மை நடத்தியே கூட்டிக்கொண்டு திரிந்தார். பெரிய ராட்டினத்தைக் கீழே நின்று பார்த்தாயிற்று. கோபுரத்தை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாயிற்று. பசித்தபோது, இந்தோனேசியாவில் தங்கள் ஊரான சோலோவிலிருந்து கொண்டுவந்த தெம்பே என்ற சோயா வறுவலை நடைபாதையில் நின்றபடி தின்றாயிற்று.

"பாக், ஒரு வேளையாவது மேசையில உக்காந்து, தண்ணியப் பாத்துக்கிட்டே சூடா சாப்பிடணும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்றாள் சுமி. கணவரை அவள் 'பாக்' என்றுதான் கூப்பிடுவாள்.

"உக்கார வைக்கிறேன். இது சத்தியம்."

கரையோர உணவங்காடியில் மதியக் கூட்டம். பர்ஜோ புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது, சுமி மீ சோத்தோ நூடுல்ஸ் கடை வரிசையில் நின்றிருந்தாள். தூரத்திலிருந்து ஏதோ கை காட்டினாள். அவரும் கை காட்டினார்.

தூணோரத்தில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு மேசை காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம். பிரித்து, ஒன்றை உருவி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பொட்டலத்தைச் சட்டைப்பையில் செருகினார்.

பக்கத்து மேசையிலும் ஒரு பொட்டலம். அதற்கடுத்ததிலும்.

'காத்துக்கே காசு வாங்குற ஊர்ல, இது மட்டும் மேசைக்கு மேசை இனாமா!'

அள்ளித் தோள்பையில் போட்டுக்கொண்டே போனார். திரும்பி வந்தால், தூணோரத்து மேசையில் ஆபீஸ்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சரி, வேறு இடம் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் பின்னால் கூச்சல்.

"இது என் இடம்!"

"உங்க பேரு எழுதியிருக்கா?"

"டிஷ்யூ வச்சிட்டுத்தானே போனேன்!"

"எங்க டிஷ்யூ? காட்டுங்க பாப்போம்."

இருவரும் மேசைக்கு அடியில் குனிந்து தேடினார்கள். பர்ஜோவுக்குத் தோள்பை திடீரென்று கனத்தது. பக்கத்தில் நின்றவரிடம் மெல்லக் கேட்டார்.

"டிஷ்யூ வச்சா என்னங்க?"

"ஆளே உக்காந்திருக்கிற மாதிரி. யாரும் தொட மாட்டாங்க. தொடுறவன் மனுஷனே இல்ல."

மனிதனாகிவிடலாம் என்று பர்ஜோ முடிவு செய்தார். யாரும் பார்க்காதபோது பொட்டலங்களைத் திரும்ப வைக்கத் தொடங்கினார். எது எந்த மேசையுடையது என்று யாருக்குத் தெரியும்? காலியாகத் தெரிந்த இடத்திலெல்லாம் வைத்தார். அப்போதுதான் எழுந்துபோனவர்களின் மேசைகளிலும் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில், கையில் தட்டோடு ஒரு பெருங்கூட்டம் நின்றது. நடுவில் மேசைகள் காலியாகக் கிடந்தன. யாரும் உட்காரவில்லை. நூடுல்ஸ் ஆறிப் பசையாகிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க தம்பி, யாரும் வரமாட்டாங்க" என்று ஒருவரிடம் கெஞ்சினார்.

அவர் பொட்டலத்தைக் காட்டினார். "ஆள் இருக்கு, பாருங்க."

வேறு வழியில்லை. எடுத்தால்தான் உட்காருவார்கள். பர்ஜோ ஒரு பொட்டலத்தின்மேல் கை வைத்தார். அந்தக் கையை இன்னொரு கை பிடித்தது.

"மாட்டினீங்களா!" மேசை துடைக்கும் அம்மாளின் குரலுக்கு மண்டபமே திரும்பியது.

அதே நேரத்தில், ஆவி பறக்கும் இரண்டு கிண்ணங்களோடு சுமி வந்து நின்றாள். "என்ன பாக்? ஏன் கையப் பிடிச்சிருக்காங்க? நம்ம மேசை எங்க?"

"நம்ம மேசையா?"

மேசை துடைக்கும் அம்மாள் சுமியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பர்ஜோவின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த, பிரித்த பொட்டலத்தைப் பார்த்தாள். "இவரு முதல்ல எடுத்தது தூணோரத்து மேசையில. அதை வச்சிட்டுப் போனதே இந்த அம்மாதான்!"

"தங்கச்சி லாஸ்மி இங்கதானே வீட்டு வேலை பாக்குறா, அவதான் சொல்லிக் குடுத்தா" என்றாள் சுமி. "அதான் அங்க போய் உக்காருங்கன்னு கை காட்டினேனே?"

"நானும் காட்டினேனே!"

சுமி சிரித்த சிரிப்பில் பாதிக் குழம்பு தரைக்குப் போனது. மேசை துடைக்கும் அம்மாள் அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இடத்துக்குச் சண்டை போட்டவர்களும் சிரித்தார்கள். பர்ஜோவும் சுமியும் கைப்பிடிச் சுவரோரம் நின்று, தண்ணீரைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். நின்றபடிதான்.

"அடுத்த தடவை நிச்சயமா உக்கார வைக்கிறேன்."

"முதல்ல அந்தப் பொட்டலத்த என்கிட்ட குடுங்க. உங்கள நம்ப முடியாது" என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த தடவை வரவில்லை. அந்த மழைக்காலத்திலேயே பர்ஜோ போய்ச் சேர்ந்தார்.

சோலோ வீட்டில் அவருக்கான தொழுகைக்கு உறவெல்லாம் வந்து நிறைந்தபோது, சுமியின் பெரியப்பா மகன் உட்கார இடம் தேடி, சாப்பாட்டு மேசையில் சுமிக்கு எதிர் நாற்காலியை இழுத்தார். லீவு போட்டு வந்திருந்த லாஸ்மி ஓடிவந்து தடுத்தாள்.

"அதுல உக்காராதீங்கண்ணே. ஆள் இருக்கு."

நாற்காலியின்மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருந்தது. பிரித்து, ஒன்றே ஒன்று உருவியது.

இப்போதும் இருக்கிறது.