ஆளுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஓர் இலை

விளையாட்டில் தோற்றவர்களிடம் எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கும். நடுவர் சரியில்லை, வெயில் கண்ணில் அடித்தது, பந்தில் காற்று இல்லை என்று ஏதாவது சொல்வார்கள். எழுபதுகளில் விருத்தாசலத்தில் எங்கள் கூடைப்பந்து அணி தோற்றதற்குக் காரணம் கறிக்குழம்பு. அதைத் திட்டம் போட்டுப் பரிமாற வைத்த மேதை நான்தான்.

அப்போது ஒரு பீங்கான் தொழிற்சாலையில் அச்சுப் பிரிவில் எனக்கு வேலை. ஊறுகாய் ஜாடி, கோப்பை, பொம்மை எல்லாம் செய்வோம். வேலை முடிந்ததும் சூளைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கூடைப்பந்து ஆடுவோம். இரண்டு கம்பம், இரண்டு வளையம், நாங்களே மண் கொட்டிச் சமப்படுத்திய தரை. நான் கேப்டன். (ஆட்டத்தில் பெரிய சூரன் என்று நினைத்துவிடாதீர்கள். பந்து என்னுடையது.)

அந்த இடத்தின் மேல் எங்கள் மேனேஜருக்கு வெகுநாளாக ஒரு கண். சூளை விறகை அடுக்க அவருக்கு இடம் போதவில்லை. ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"வருஷா வருஷம் கடலூர்க்காரங்க கிட்ட ஒதை வாங்கறதுக்கு ஒரு மைதானமா? இந்தத் தடவையும் தோத்தீங்கன்னா கம்பத்தைப் புடுங்கிட்டு விறகு அடுக்கிடுவேன்."

சொன்னால் செய்கிற மனுஷன். எனக்குத் தூக்கம் போயிற்று. எப்படியாவது ஜெயிப்பது என்று வைராக்கியம் வந்துவிட்டது.

கடலூர் அணியை வெல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவர்களிடம் தியாகராஜன் என்று ஒரு நெட்டை ஆள் இருந்தான். வளையத்துக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும், பந்து தானாக அவனிடம் போய்ச் சேரும். மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயித்தவருக்குக் கோப்பை. கடலூரில் நடந்த முதல் ஆட்டத்தில் எங்கள் மானம் கப்பலேறியது. இரண்டாவது எங்கள் ஊரில். தியாகராஜனுக்குக் காய்ச்சல், வரவில்லை. தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். மூன்றாவது எந்த ஊரில் என்று சீட்டுப் போட்டதில் அதுவும் எங்கள் ஊருக்கே வந்தது.

ஆளுக்கு ஓர் ஆளாக யார் யாரைப் பிடித்துத் தடுப்பது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சூளையில் சுமை ஏற்றும் சதாசிவம் நல்ல பலசாலி, ஆனால் தியாகராஜனின் நெஞ்சு வரைதான் வருவான். எங்களில் உயரமானவன் ஆபீஸ் கிளார்க் அந்தோணி. அவனைத் தியாகராஜனுக்கு விட்டால், தூரத்திலிருந்தே பந்தைப் போடும் அவர்களின் குமாரசாமியைப் பிடிக்க ஆள் இல்லை. எப்படி மாற்றிப் போட்டாலும் ஒரு பக்கம் ஓட்டை.

அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. அவர்கள் காலை ரயிலில் வருவார்கள், ஆட்டம் சாயங்காலம். மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. மைதானத்தில் பிடிக்க முடியாதவர்களைப் பந்தியில் பிடித்தால் என்ன?

புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மனைவி சரோஜாதான் சமையல் பொறுப்பு.

"ஏங்க, வூட்டுக்கு வர்றவங்க வயித்தைக் கெடுக்கவா சோறு போடறது?"

"கெடாது. கொஞ்சம் கனமா இருக்கும், அவ்வளவுதான்."

"அப்படின்னா நீங்களும் கூட உக்காந்து சாப்புடணும். எலையில கை வெக்காம சும்மா சாப்புடுங்க சாப்புடுங்கன்னா எவனும் சாப்புட மாட்டான்."

அவள் சொன்னது எச்சரிக்கை. நான் அதையே வியூகமாக்கினேன். எதிராளி ஒவ்வொருவர் பக்கத்திலும் நம் ஆள் ஒருவன் உட்கார்ந்து கூடவே சாப்பிட வேண்டும், அவன் எழுந்திருக்கும் வரை இவன் எழக்கூடாது என்று உத்தரவு போட்டேன். சதாசிவம் உற்சாகமாகிக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தன் வீட்டு ஆட்டுக்கிடா ஒன்றையே கொண்டுவந்து விட்டான்.

"தியாகராஜனை எனக்கு வுடுங்கண்ணே. ஆட்டத்துலதான் எட்டாது, எலையில எட்டும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக் கொட்டகையில் பந்தி. நான் பிடித்தது அவர்கள் கேப்டன் ராமலிங்கத்தை. மகா மரியாதைக்காரர். "இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்குங்க" என்றால், "நீங்க மொதல்ல போட்டுக்குங்க" என்பார். நான் போட்டுக்கொள்ளாமல் அவர் போட்டுக்கொள்ள மாட்டார். குமாரசாமிக்கு அன்றைக்குப் பார்த்துக் கிருத்திகை விரதம். ரசம் சோற்றை ஒவ்வொரு பருக்கையாக ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் எழாமல் அந்தோணி எழ முடியாது. பரிமாறுகிறவரோ அந்தோணியின் இலை காலியாகும்போதெல்லாம் கறியை அள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்.

தியாகராஜன் மட்டும் நான் எதிர்பார்த்தபடியே சாப்பிட்டான். சதாசிவமும் விடவில்லை, அவன் வாங்க வாங்க இவனும் வாங்கினான். நெற்றியெல்லாம் வேர்வை. கடைசியில் சதாசிவம், "போதுங்களா?" என்று ஈன சுரத்தில் கேட்டான்.

"போதும்ணே. வூட்லயும் தெனம் இவ்வளவுதான் சாப்புடுவேன்" என்று தியாகராஜன் கை கழுவப் போனான்.

அத்தோடு முடிந்ததா? விருந்தாளிகளுக்குப் பாய் விரித்துக் கொடுத்தோம். அவர்கள் கொட்டகையில் குறட்டை விட்டுத் தூங்கினார்கள். நாங்கள் இலை எடுத்தோம், அண்டா கழுவினோம், கோடு போட்டோம், தண்ணீர் இறைத்துத் தரையில் தெளித்தோம். (உபசரிக்கிறவன் படுக்க முடியுமா என்ன?) சாயங்காலம் அவர்கள் முகம் கழுவிக்கொண்டு பளிச்சென்று வந்து நின்றார்கள். நாங்கள் நிமிர முடியாமல் நின்றோம்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல என் மானம் இடம் தரவில்லை. தியாகராஜன் குதித்தபோதெல்லாம் சதாசிவமும் குதித்தான். குதித்தது மனசுதான், உடம்பு தரையிலேயே இருந்தது. அந்தோணி ஆட்டத்தின் நடுவே நடுவரிடம் போய் சோடா கேட்டான். இடைவேளையில் மைதானத்து ஓரம் பார்த்தேன். மேனேஜர் கடப்பாரையோடு இரண்டு பேரை நிற்க வைத்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னாலதாண்டா எல்லாம். முடியலன்னா நிறுத்திடலாம்" என்றேன்.

சதாசிவம் வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். "அவங்க புடுங்கற வரைக்கும் கம்பம் நம்மளுதுதானண்ணே. வாங்க, ஆடலாம்."

ஆடினோம். விழுந்தோம், எழுந்தோம், ஒருவன் வேலியோரம் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஆடினான். கடைசி வரை ஒருவனும் பின்வாங்கவில்லை. அந்தப் பையன்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. தோற்றுத்தான் போனோம்.

மேனேஜர் கடப்பாரைக்காரர்களை நோக்கித் திரும்பிய நேரத்தில் ராமலிங்கம் அவரிடம் போய்க் கைகூப்பினார்.

"சார், எத்தனையோ ஊருக்குப் போயி ஆடறோம். பொட்டலத்தைக் கையில குடுத்துட்டுப் போயிடுவாங்க. ஆளுக்கு ஒரு ஆள் பக்கத்துல உக்காந்து சாப்புட வெச்சது உங்க கம்பெனிதாங்க. அடுத்த வருஷமும் இங்கயே வர்றோம் சார்."

மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "தாராளமா வாங்க. நம்ம கம்பெனி வழக்கமே அப்படித்தாங்க" என்றார். பிறகு கடப்பாரைக்காரர்களைப் பார்த்து, "என்னாய்யா வேடிக்கை? போங்க" என்று அதட்டினார். விறகு வேறு இடம் தேடிக்கொண்டது.

கேப்டன் பதவி மறுநாளே அந்தோணிக்குப் போயிற்று. என்னைப் பந்திக்கு நிரந்தரக் கேப்டன் ஆக்கினார்கள். வீட்டிலும் அந்தப் பதவியிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. போன மாதம் எங்கள் சம்பந்தி வந்து இலையில் உட்கார்ந்தார். சமையலறையிலிருந்து சரோஜா குரல் கொடுத்தாள்.

"சம்பந்தியை நீங்களே புடிங்க. இன்னிக்கி சாயங்காலம் மேட்ச் இல்ல, தைரியமா சாப்புடலாம்."