நூலில்லாத் தையல் திட்டம்

சிதம்பரத்தை அடுத்த கிள்ளை மகளிர் குழுவுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு மிஷின் வந்தது. சுனாமி அடித்து மூன்றாவது வருஷம். படகு கொடுக்கிறவர்கள் படகு கொடுத்தாயிற்று, வலை கொடுக்கிறவர்கள் வலை கொடுத்தாயிற்று. கடைசியாக வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. தங்கள் ஊரில் பனி கொட்டுவதை நினைத்துப் பார்த்து, பஞ்சுப் போர்வை தைக்கிற நீளக்கை மிஷின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றையும் உருளைகளில் சுற்றிக் கட்டிவிட்டால், மிஷினின் தலையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே பூவும் கொடியுமாகத் தைத்துப் போகலாம். வெறும் பாயில் படுத்தாலே முதுகு வேர்க்கிற ஊரில் இதை யார் போர்த்துவது என்று கொடுத்தவர்களும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை.

மிஷின் ஓட்ட சுவேதாவைப் போட்டார்கள். பதினேழு வயசு. பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். மனசில் பட்டதை உடனே வெளியே விட்டுவிடுவாள். இந்த வேலை போனால் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு ஷிப்டுக்கு அனுப்புவதென்று வீட்டில் தீர்மானம் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலே துப்பட்டாவால் மூக்கைச் சுற்றிக்கொள்கிறவள் அவள். ஆகவே மிஷின் கிள்ளையிலேயே இருந்தாக வேண்டும்.

அதற்கு ஒரு நிபந்தனை. மிஷினில் ஒரு சின்னத் திரை உண்டு. எத்தனை தையல் விழுந்தது என்று அது எண்ணிக்கொண்டே வரும். திட்டத்தை நடத்திய கடலூர் அலுவலகம் கடவுளுக்கு அடுத்தபடி அந்தத் திரையைத்தான் நம்பியது. மாதம் ஐம்பது லட்சம் தையல் காட்டாவிட்டால், "மேற்படி இயந்திரம் விழுப்புரம் மாவட்டத்திற்கு இடமாற்றம் செய்யப்படும்" என்று உத்தரவு.

மிஷினோ ஒரு ஜாண் தைப்பதற்குள் நூலை அறுத்தது. கோத்தால் மறுபடி அறுத்தது. திரை நொண்டிக்கொண்டிருந்தது. திட்ட அலுவலர் தட்சிணாமூர்த்தி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எண்ணிக்கை ஏன் இவ்வளவு குறைவு?"

"நூல் அறுந்துகினே இருக்குது சார். ஊசிய பின்பக்கமா மாட்டியிருந்தாங்க, நேராக்கிட்டேன். பாபின்ல அடைஞ்ச பஞ்ச எடுத்துட்டேன். நூல் இறுக்கத்த தளர்த்திட்டேன். எண்ணெ விட்டேன்."

"அனுமதி வாங்குனியா?"

"எண்ணெக்கா?"

தட்சிணாமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுப்பது இப்படி யோசிப்பதற்குத்தான்.

"நூல் இருக்கிறதாலதான அறுது?"

"ஆமா."

"நூல் இல்லன்னா?"

"இல்லாத நூல் எப்படி சார் அறும்?"

"அப்ப எடுத்துடு."

குழுத் தலைவி ஆரோக்கியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நூல் இல்லாம இன்னாத்த சார் தைக்கிறது?"

"ஓட்டிப் பாருங்கம்மா."

ஓட்டினார்கள். ஊசி படபடவென்று துணியைக் குத்தியது. திரையில் எண்கள் பறந்தன.

"அது எண்ணுதா இல்லையா? வெளிநாட்டு மிஷினே தையல்னு ஒத்துக்குது. நீங்க யாரு இல்லேங்கிறதுக்கு?"

அன்று மாலையே கோப்பில் எழுதினார்: "நூல் அறுதல் என்னும் குறைபாடு நிரந்தரமாகக் களையப்பட்டது."

அடுத்த மாதம் திரை ஒரு கோடி காட்டியது. அலுவலகம் பூரித்து, குழுவுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. பூரிப்பு அடங்காமல் இலக்கை இரண்டு கோடியாக உயர்த்தியது.

போர்வைகள் குவிந்தன. ஓரத்தை மட்டும் சாதா மிஷினில் அடித்துவிடுவார்கள். நடுவில் பூவும் கொடியுமாக வெறும் ஊசித் துளைகள். நாட்டியாஞ்சலி சமயத்தில் சிதம்பரத்தில் கண்காட்சி வந்தது. கீழ வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஸ்ரீமதி அம்மாள் ஒரு போர்வையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஐயோ, நட்சத்திரம் மாதிரி இருக்கே! நூலே இல்லியா?"

"இல்லீங்க," என்றாள் சுவேதா. "அறுந்துபோவுதுன்னு எடுத்துட்டோம். ரெண்டு ஒதறு ஒதறுனா பஞ்சு மொத்தமும் ஒரு மூலைக்கு ஓடிடும். வாங்காதீங்க."

"எவ்ளோ நேர்மையா சொல்ற பாரேன்! எல்லாத்தையும் குடு."

சித்திரை வருவதற்குள் சிதம்பரத்தில் காரும் ஏசியும் உள்ள வீடு ஒவ்வொன்றிலும் ஒரு நூலில்லாப் போர்வை இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில் கரண்ட் போன நேரத்திலும் அதைப் போர்த்திக்கொண்டு, துளை வழியாகக் காற்று வருகிறதென்று வேர்க்க வேர்க்க விளக்கினார்கள். பஞ்சு மூலைக்கு ஓடியபோது, தலைகாணியும் அதிலேயே வருகிறதென்றார்கள். நூல் போட்ட மெத்தை வைத்திருந்தவர்கள் விருந்தாளி வரும்போது அதை ஒளித்து வைத்தார்கள்.

சுவேதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மத்தியானம் உருளையில் கட்டியிருந்த துணியை ஆத்திரத்தில் ஓங்கி அடித்தாள். டம் என்று மேளச் சத்தம். திறப்பு விழாப் போட்டோவில் சுருக்கம் தெரியக்கூடாதென்று அன்றைக்கு இழுத்துக் கட்டச் சொன்னவர் தட்சிணாமூர்த்தி. அதிலிருந்து அப்படியேதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இறுக்கத்தில் ஊசி வளைகிறது, நூல் அறுகிறது. சே, இவ்வளவுதானா! உருளையைத் தளர்த்தினாள். கீழேயிருந்து விரலால் குத்தினால் துணி மேலே எழும்புகிற அளவுக்கு விட்டாள். நூல் கோத்தாள். ஒரு முழுப் போர்வை தைத்து முடிக்கிறவரை ஒரு தடவைகூட நூல் அறவில்லை.

ஆரோக்கியம்மாள் அதை உதறிப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள். "ரொம்ப நல்லாருக்குது. உள்ள வையி."

"ஏன் பெரிம்மா?"

"நூல் போட்டா மெதுவாத்தான ஓட்டணும்? எண்ணிக்க கொறையும். மிஷினு விழுப்புரம் போவும், நீ செம்மங்குப்பம் போவ. வாய வச்சிகினு சும்மா இரு."

சும்மா இருக்கிற வாயா அது? தட்சிணாமூர்த்தி வந்ததும் போட்டு உடைத்தாள். அவர் வெளிறிப்போனார்.

"ஏற்கெனவே களைஞ்ச குறைபாட்டை நீ மறுபடி களைஞ்சா, அப்ப நான் களைஞ்சது என்னன்னு ஆடிட்ல கேப்பாங்களே பாப்பா! அந்தப் போர்வை எங்க?"

"பெரிம்மா வீட்ல. அவுங்கதான் போத்திகினு படுக்கிறாங்க."

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையில் தட்சிணாமூர்த்தி ஜீப் இல்லாமல், டவுன் பஸ்ஸில், குடையோடு வந்தார்.

"பாப்பா, என் பொண்ணு ஊட்டியில காலேஜ் சேந்திருக்கா. குளிருதுன்னு அழுவறா. அந்த நூல் போட்டது ஒண்ணு... வெளிய தெரிய வேணாம்."

அவருக்குப் பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு ஸ்ரீமதி அம்மாள் நின்றாள். "எனக்கும் ஒண்ணு. கடைக்கு இல்ல, வீட்டுக்கு."

"தைக்கலாம்," என்றாள் சுவேதா. "ஆனா நூல் போட்டு ஓட்டுற நேரத்துக்கு எண்ணிக்க கொறையும். ரெண்டு கோடிக்கு நான் எங்க போவேன்? கொறையறத நீங்களே ஓட்டி ஈடு கட்டிடுங்க."

நியாயம் என்றார் தட்சிணாமூர்த்தி. சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து, நூலில்லாமல் ஓட்ட ஆரம்பித்தார். அவர் எழுந்ததும் ஸ்ரீமதி அம்மாள் உட்கார்ந்தாள். விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. கேடயம் கொடுத்த பெரிய அதிகாரி, அவர் மாமியார், சிதம்பரத்துக் கார்க்காரர்கள் என்று வாசல்வரை வரிசை நின்றது. ஒவ்வொருவரும் தங்கள் பங்குத் தையலை நேர்மையாக ஓட்டிக்கொடுத்தார்கள். அந்த மாதம் திரை இரண்டு கோடியைத் தாண்டியது. மிஷின் கிள்ளையிலேயே இருக்கலாமென்று உத்தரவு வந்தது.

அத்தனை பேர் ஓட்டுவதால் மிஷின் ஒரு நிமிஷமும் காலியாக இல்லை. ஆகவே அவர்கள் கேட்ட போர்வைகளையெல்லாம் சுவேதா மூலையில் உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருக்கிறாள்.