காலிக்குடம் எதிரே வந்த நாள்

ஏழு மலைகளுக்கு அப்பால், எட்டாவது மலையின் நிழலில், சுபமங்கலபுரி என்றொரு நாடு இருந்தது. அங்கே எதைச் செய்வதற்கும் சகுனத் துறையின் அனுமதி வேண்டும். அமைச்சர் நிமித்தராயர் பதவியேற்றதும் முதல் வேலையாக ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தார். சகுனம் என்ற சொல்லுக்கு வடமொழியில் பறவை என்று பொருள், பறவை பறக்கும் திசையைப் பார்த்ததில்தான் இத்துறையே பிறந்தது என்று குழு நானூறு பக்கத்தில் நிறுவியது. மறுநாளே காக்கைகள் அரசு ஊழியர்கள் ஆயின. தவறான திசையில் பறந்த காக்கைகளுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.

கீழத்தெருக் காத்தாயி இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஏரி மதகைப் பூட்டியதும் சிரிப்பு நின்றுபோனது. மதகைத் திறக்கும் கோப்பு தயார். அலுவலகத்துப் பல்லி மட்டும் இன்னும் சொல்லவில்லையாம். தெருக்கிணறு வற்றிப் பன்னிரண்டு நாள். மருமகள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் இல்லை.

காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அமைச்சர் முன்னால் போய் நின்றாள். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"அபசகுனம்! காலிக்குடத்தோடா எதிரே வருவது?"

"காலியா இருக்கறதாலதானே சாமி தண்ணி கேட்டு வந்திருக்கேன்?"

அன்றே ஆணை பிறந்தது. தெருவில் காலிக்குடம் தென்படக் கூடாது. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் நிறைகுடத்துடனேயே போக வேண்டும். சனங்கள் குடத்தில் மணலைக் கொட்டி, மேலே மாவிலையைச் செருகிக்கொண்டு நடந்தார்கள். அதிகாரிகள் பார்வையிட்டார்கள். எல்லாக் குடங்களும் நிறைந்திருக்கின்றன, தாகம் என்பது வெறும் வதந்தி என்று அறிக்கை வெளியானது. அறிக்கை வந்த அன்றுதான் மருமகளுக்குப் பால் வற்றியது.

அந்த வாரம் அரசர் எட்டாம் சுபவர்மர் தம்மைத் தாமே மறுபடியும் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் விழா. உலா கீழத்தெரு வழியாகப் போகவிருந்தது. காத்தாயி பெண்களைக் கூட்டினாள்.

"மணலை எல்லாம் கீழ கொட்டுங்கடி."

"குடத்தைப் புடுங்கிக்குவாங்களே அக்கா?"

"எவன் தொடுவான்? அவனுங்க போட்ட சட்டம்தான் நமக்குக் காவல்."

கிளம்பும்போது சகுனம் சரியில்லையென்றால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். எல்லா வீட்டிலும் உள்ள இந்த வழக்கம் அங்கே அரசருக்கும் சட்டம்.

கோட்டைக் கதவு திறந்தது. எதிரே நாற்பது பெண்கள், நாற்பது காலிக்குடங்கள்.

"பறிமுதல் செய்யுங்கள்!" என்றார் நிமித்தராயர்.

காவலர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். "புறப்படும் நேரத்தில் காலிக்குடத்தைத் தொடலாகாது என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள், ஐயா."

அரசர் திரும்பினார், உட்கார்ந்தார், குடித்தார். உடன் போகும் இருநூறு பேரும் குடித்தார்கள். மறுபடி புறப்பட்டார்கள். பெண்கள் அசையவில்லை. மறுபடி திரும்பினார்கள். உச்சிப்பொழுதுக்குள் ஏழு முறை. ஏழாவது முறை அரசர் கையை நீட்டியபோது, பணியாள் பெரிய அண்டாவைக் கவிழ்த்துக் காட்டினான். குடிக்காமல் புறப்பட முடியாது. குடிக்கவோ ஒரு சொட்டும் இல்லை.

"தண்ணீர் எங்கே?"

"மன்னர் மன்னா, பல்லி இன்னும்..." என்று இழுத்தார் நிமித்தராயர்.

"நாக்கு ஒட்டுதுய்யா! மதகைத் திற!" வாழ்நாளில் முதல் முறையாக அரசர் எல்லோரையும்போலப் பேசினார்.

சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. பெண்கள் குலவையிட்டதில் அரசு ஊழியக் காக்கைகள் எல்லாத் திசையிலும் பறந்தன. ஒருவரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. காத்தாயி பேரப்பிள்ளையைக் காலில் போட்டு, தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். அது வீறிட்டு அழுதது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நல்ல சகுனம் கண்டு அரசரே மதகைத் திறந்தார் என்று அரண்மனை ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். அந்த நாட்டில் இன்றைக்கும் நாலு நாள் தண்ணீர் வரவில்லையென்றால், பெண்கள் சாலையின் குறுக்கே காலிக்குடங்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எத்தனை பெரிய மனிதரின் வண்டியானாலும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும்.