பத்தாவது பாலிசி

மயிலாப்பூர்,
13-7-1946

மகா கனம் பொருந்திய அத்திம்பேர் அவர்களுக்கு நாகராஜன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நான் சௌக்கியம். டாக்டர் ஸர்ட்டிபிகேட் இல்லாமல் அந்த வார்த்தையை எழுதக் கூடாதென்பது எங்கள் கம்பெனி விதி. சொந்த மனிதர் என்பதால் எழுதுகிறேன். காமாக்ஷி அக்காவும் குழந்தைகளும் அப்படியே இருப்பதாக நம்புகிறேன்.

உங்கள் தம்பியை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியில் சேர்க்கலாமா, அதில் சாதக பாதகங்கள் என்ன என்று கேட்டிருந்தீர்கள். சாதகம்: ஆபீஸில் தலைக்கு மேல் மின்சார விசிறி, கோட்டுப் போட்டுக்கொண்டு போனால் லஸ் மூலையில் டிராம் கண்டக்டர்கூட 'ஸார்' என்கிறான், எந்த வீட்டுக்குப் போனாலும் காபி. பாதகம்: அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் "மாமா, உங்க காலத்துக்கு அப்புறம்..." என்று ஆரம்பிக்க வேண்டும். மந்தைவெளியில் ஒரு மாமி, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சுப் பேசறே? எழுந்திரு!" என்று நான் உட்கார்ந்திருந்த பாயையே சுருட்டிவிட்டாள். அன்றிலிருந்து பெண்மணிகளிடம் இன்ஷ்யூரன்ஸ் என்ற சொல்லையே நான் எடுப்பதில்லை. அதுதான் வினையாய் முடிந்தது.

ஜூலை பதினைந்துக்குள் பத்துப் பேரைச் சேர்த்தால் எனக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் சீட்டுக் கிழிந்தது. ஒன்பது பேர் ஆயிற்று. பத்தாவதாக மாம்பலத்தில் பஞ்சாட்சரம் ஐயர் என்பவரிடம் எங்கள் மானேஜர் டிராமில் பேசியிருந்தார். அவரும் "பார்க்கலாம்" என்றாராம். நம் ஊரில் 'பார்க்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். மானேஜருக்கு மட்டும் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வயதுக்கு அத்தாட்சியாக ஜாதகத்தை வாங்கிவா என்று என்னை அனுப்பினார். நான் போனபோது ஐயர் வீட்டில் இல்லை. மாமியிடம், "ஜாதகம் வேணும் மாமி. நாளைக்கு டாக்டரை அழைச்சுண்டு வரேன்" என்றேன். மாமியின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து, இன்ஷ்யூரன்ஸில் இவ்வளவு பற்றுள்ள குடும்பமும் உண்டா என்று நெகிழ்ந்து போனேன். அவள் மஞ்சள் தடவித் தந்த ஜாதகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

நேற்று டாக்டரோடு ஜட்காவில் போனேன். வண்டிக்காரன், "இன்னா சாமி, பொண்ணு பாக்கவா போய்க்கினுகீறே? பூ வாங்கலியே?" என்றான். அவனுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை, அத்திம்பேர். வாசலில் கோலம், உள்ளே ஜமக்காளம், இந்த ரேஷன் காலத்தில் எங்கிருந்தோ ரவை வாங்கிக் கேஸரி, பஜ்ஜி! ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டுமே என்று அவர்களுக்கு அவசரம். பதினைந்தாம் தேதிக்குள் முடிக்க வேண்டுமே என்று எனக்கு அவசரம். டாக்டர் இரண்டு தட்டுப் பஜ்ஜியை முடித்துவிட்டு, ஐயரைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். மார்பை நாடா வைத்து அளந்தார். நாக்கை நீட்டச் சொன்னார். "உங்க தோப்பனார் எதுல போனார்?" என்றார். மாமி கதவோரத்திலிருந்து, "எண்பது வயசுக்குத் திடமா இருந்தார்! எங்காத்துல யாருக்கும் ஒரு தலைவலி கிடையாது!" என்றாள். பிறகு தயங்கியபடி, "பொண்ணை இன்னும் பார்க்கலியே?" என்று கேட்டாள்.

"பொண்ணு வேண்டாம். மாமா போதும்" என்றார் டாக்டர்.

அப்புறம் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஐயர் சட்டையில்லாமலே எழுந்து நின்று, "ஏன்யா, பொண்ணு பார்க்க வந்தவன் என் நாக்கை ஏன்யா பார்க்கறான்?" என்று கத்த, நான் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்துப் பிரிக்க, அதில் சூடாமணி, வயது பத்தொன்பது என்றிருக்க, உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அத்திம்பேர், மானம் போன அந்த நேரத்திலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. விலாசம் எழுதிய என் இன்ஷ்யூரன்ஸ் படிவங்களைக்கூட அங்கேயே விட்டுவிட்டு, போட்டது போட்டபடி ஓடி வந்துவிட்டேன், ஜாதகம் கையிலேயே இருக்கிறது. நாளை மறுநாள் ராஜினாமாக் கொடுக்கப் போகிறேன். உங்கள் தம்பி எந்தக் கிணற்றில் வேண்டுமானாலும் விழட்டும், இந்தக் கிணறு வேண்டாம். பெரியவர்களுக்கு என் நமஸ்காரங்களும் குழந்தைகளுக்கு என் ஆசிகளும்.

இப்படிக்கு,
நாகராஜன்

பின்குறிப்பு (ஞாயிறு காலை): தபாலில் சேர்ப்பதற்குள் பஞ்சாட்சரம் ஐயரே என் அறைக்கு வந்துவிட்டார். ஜாதகத்தைத் திருப்பி வாங்கத்தான் வந்தாராம். வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "சூடாமணி ஒண்ணு கேட்டுண்டு வரச் சொன்னா. தன் உசிருக்கே பாலிசி எடுத்துக்காதவர், எங்கப்பாவை எப்படி எடுத்துக்கச் சொல்றார்னு கேக்கறா" என்றார். நான் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடித்தாளோ! உடனே டாக்டர் வீட்டுக்கு ஓடி, என்னை அளக்கச் சொல்லி, பத்தாவது பாலிசிக்கு என் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இருதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறதாம். காரணத்தைக் குறிக்க வேண்டியதில்லை என்று டாக்டர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, உங்கள் தம்பியை அடுத்த ரயிலில் அனுப்பவும். சூடாமணியின் ஜாதகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், பொருந்தும்படியாகப் பார்க்கவும். படிவத்தில் வாரிசு என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதாமல் காலியாக விட்டிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.