ஒற்றை சீட்

இந்த உலகத்தில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. பேராசையா இது?

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். காக்ஸ் டவுனில் இரண்டு அறை வீடு. ஒன்றில் நானும் யூனிஸும், இன்னொன்றில் என் மாமியார். நான் குளிக்கப் போனால் மாமியார் கதவைத் தட்டி, "உள்ளே யாரு?" என்பார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவர் வெளியே நிற்கிறார், யூனிஸ் சமையலறையில் பாத்திரம் உருட்டுகிறாள். உள்ளே யார் இருக்க முடியும்? சும்மா கண்ணை மூடினால், "உடம்பு சரியில்லையா?" என்று யூனிஸ் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் நான் கிளார்க். அங்கே கேட்பாரற்றுக் கிடக்கும் மூட்டைகளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஆகவே 1958 புத்தாண்டு ஆராதனையில், முழங்காலில் நின்று, மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று தீர்மானித்தேன். ஹெசரகட்டா ஏரிக்கரைக்குப் போக வேண்டும். தனியாக. ஒரு மணி நேரம்.

ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறப்போகும் நோயல் துரை வீட்டில் இரண்டு வண்டிகள் விற்பனைக்கு நின்றன.

"கேளு மேன், தியோடர்," என்றார் அவர். "உனக்கு இது முதல் வண்டி. இந்தச் சின்னதை எடு. லைட் வெயிட். ரெண்டு காலும் தரையில ஊணும். பிரேக் நல்லா பிடிக்கும்."

"சீட் நீளமா இருக்கே?"

"ரெண்டு பேர் சுகமா போலாம் மேன்."

"அந்தப் பெரியது எத்தனை பேருக்கு?"

"அதுவா? அது மிலிட்டரி வண்டி. எருமை மாதிரி கனம். ஒத்தை சீட். பின்னால வெறும் மட்கார்டு. அது உனக்கு வேணாம்."

அதைத்தான் வாங்கினேன்.

வீட்டில் அனுமதி வாங்கியது தனிக் கதை. மோட்டார் சைக்கிள் என்றதும் மாமியார் என் ஆத்துமாவுக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். எனவே நான் ஒரு முழுத் தாளில் 'பாதுகாப்பு விதிகள்' எழுதினேன். சர்க்கார் விதி என்று வாய் கூசாமல் சொன்னேன். முதல் விதி: பழகுகிறவன் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. இரண்டாவது: போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். இதைக் கேட்டு யூனிஸ் முகம் மலர்ந்தது. உடனே, "அப்ப லைசென்ஸ் வந்ததும் கோலார் தங்கவயல்ல இருக்கற என் தங்கச்சி வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

"எத்தனை மைல் தெரியுமா? அறுபது! லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் வரைக்கும், பத்து மைலுக்கு மேல போனா, அனுபவமுள்ள ஒருத்தர் இன்னொரு வண்டியில கூடவே வரணும். சட்டம்!"

"அப்படியா?"

"ஏழாவது விதி," என்று அந்த இடத்திலேயே எழுதினேன். இன்னும் எத்தனை கேட்பாளோ என்று கீழே கொஞ்சம் காலி இடம் விட்டு, தாளின் அடியில் ஆபீஸ் தோரணையில் கையெழுத்தும் போட்டேன். யூனிஸ் அதைச் சுவரில் ஒட்டினாள். மறுபேச்சுப் பேசவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள் அண்ணன் அலெக்சாண்டர். ஜோகுபாளையத்துக்காரர். பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். அவரிடமும் ஒரு பழைய வண்டி உண்டு. அதற்கு ஒரு சைட்காரும் உண்டு; கழற்றிக் கொல்லையில் போட்டு, ஆறு வருஷமாக அதில் கோழி வளர்க்கிறார். இதை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முட்டைகூட இருந்தது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மைதானத்தில் முதல் நாள் வண்டியை உதைத்தேன். வண்டி என்னைத் திருப்பி உதைத்தது. முழங்காலுக்குக் கீழே வீங்கிப் போயிற்று. இரண்டாம் நாள் கிளம்பினேன், ஆனால் நிறுத்தத் தெரியவில்லை.

"மாப்ளே, கிளட்ச்! கிளட்ச்சைப் புடிங்க!"

"பிடிச்சிருக்கேன் மச்சான்!"

"அது பிரேக்கு!"

வேலியில் போய் விழுந்தேன். எருமை என் மேல் படுத்துக்கொண்டது. அலெக்சாண்டர் அவசரப்படாமல் பீடியை முடித்துவிட்டு வந்து தூக்கினார். "வளைவுல பிரேக் புடிக்காதீங்க. வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். முன்னாடி போறவன் என்ன செய்வான்னு பாக்காதீங்க, என்ன செய்யக்கூடும்னு பாருங்க," என்றார். ரோட்டுக்கு நல்ல புத்திமதி. அதை நான் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எட்டு மாசம், சிவப்பு எழுத்தில் 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு விழுந்து எழுந்தேன். டெஸ்டில் எட்டுப் போடச் சொன்னார்கள். முதல் தடவை பூஜ்யம் போட்டேன். இரண்டாம் தடவை மூன்று. மூன்றாம் தடவை எட்டு வந்தது, லைசென்சும் வந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் எதற்கும் இப்படி உழைத்ததில்லை.

ஆயுத பூஜை லீவு நாள் காலை. தெருவில் லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நான் இரண்டாவது விதிப்படி, கம்பீரமாக, "ஹெசரகட்டா போறேன்," என்றேன்.

"போயிட்டு வாங்க," என்றாள் யூனிஸ். வேறொன்றும் கேட்கவில்லை.

போனேன். ஒரு தடவைகூட விழவில்லை. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன். ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். காற்று வந்தது. தண்ணீரில் ஒரு கொக்கு நின்றது. அது என்னை ஒன்றும் கேட்கவில்லை. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக நான் யாருக்கும் எதுவும் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், சந்தோஷத்தில் வாய்விட்டுப் பாடினேன்.

இரண்டாவது அடி பாடுவதற்குள் படபடவென்று சத்தம். கொக்கு பறந்துவிட்டது.

அலெக்சாண்டர் வண்டி ஓட்டி வந்தார். பின்னால் யூனிஸ். பக்கத்தில் சைட்கார். அதில் டிபன் காரியரை மடியில் வைத்துக்கொண்டு மாமியார். அவர் கொண்டையில் ஒரு கோழி இறகு.

"நீ எதுக்கு வந்தே?" என்றேன்.

"ஏழாவது விதி," என்றாள் யூனிஸ். "பத்து மைலுக்கு மேல அனுபவமுள்ளவர் கூட வரணும்னு சட்டமாச்சே. அண்ணன் வர்றாரு, நாங்க மட்டும் வீட்டுல என்ன செய்யறது?"

"யூனிஸ், எனக்குத் தனியா ஒரு மணி நேரம் உக்காரணும். அவ்வளவுதான்."

"அதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லே?"

"சொன்னா விட்டிருப்பியா?"

யோசித்தாள். "மாட்டேன்."

எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், அலெக்சாண்டர் ஸ்பானரும் கையுமாக என் வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார். வெறும் மட்கார்டின் மேல் புத்தம் புதிதாக ஒரு சீட்.

"முதல் விதி!" என்று கத்தினேன். "யாரையும் ஏத்தக் கூடாது!"

"அது பழகுறவங்களுக்கு," என்றாள் யூனிஸ். "உங்களுக்குத்தான் லைசென்ஸ் வந்துடுச்சே. அம்மாவுக்கு சைட்கார்ல கோழி நாத்தம் ஒத்துக்கலே. திரும்பிப் போறப்ப உங்ககூட வரட்டும்."

பதினெட்டு மைல், மாமியார் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சங்கீதம் பாடியபடியே வந்தார். நடுநடுவே, "மாப்ளே, தூங்கிட்டீங்களா?" என்று முதுகில் தட்டினார்.

பார்சல் ஆபீசில் யாரும் கையெழுத்துக்கு மேலே காலி இடம் விடமாட்டோம். விட்டால் குறுக்கே கோடு போட்டுவிடுவோம். இருபது வருஷ சர்வீசில் நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை. மறுநாள் காலை சுவரைப் பார்த்தேன். காலியாக இருந்த இடத்தில் யூனிஸ் கைப்பட எழுதிய எட்டாவது விதி: 'பின் சீட் காலியாக இருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது.'

அதற்குக் கீழே, ஆபீஸ் தோரணையில், நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.