கண்ணடி அண்ணாச்சி

திருவனந்தபுரத்திலேயே ஒழுக்கமான மனிதர் எங்கள் கண்ணடி அண்ணாச்சிதான். ஊரிலேயே பெண்களிடம் அதிகம் திட்டு வாங்கியவரும் அவர்தான்.

சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நாகர்கோவில்காரர், தலைநிமிர்ந்து பேசவே கூச்சப்படுவார். ஆனால் அவருடைய இடது கண் மட்டும் தன்னிஷ்டத்துக்குச் சிமிட்டும். ஸ்ரீவராகத்தில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நானும் அம்மாவும் முதல்முறை போனபோது, "வாங்கம்மா, இருங்க" என்று சொல்லிக்கொண்டே கண்ணடித்தார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருடி! இந்த வயசுல இது என்ன கொழுப்பு?"

வியாபாரத்தையும் அந்தக் கண் கெடுத்தது. "ஒரு பைசா குறையாதுக்கா" என்பார், கண் சிமிட்டும். சும்மா சொல்கிறார் என்று நினைத்து வந்தவர்கள் நகரமாட்டார்கள். அவர் பதற்றப்பட, கண் இன்னும் வேகமாகச் சிமிட்டும். கடைசியில் விலையைக் குறைத்துத்தான் அனுப்புவார்.

சொட்டு மருந்து விட்டார், கண்ணாடி மாற்றினார், மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். துடிப்பு கன்னத்துக்கு இறங்கி வாயையும் இழுத்தபோதுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனார். இது கண் நோயே இல்லை என்றார் அவர். முகத்துக்கு வரும் நரம்பை, மூளைக்குப் பக்கத்தில், ஒரு ரத்தக்குழாய் அழுத்துகிறது, அபூர்வமாக வருவது, முகத்தில் ஊசி போட்டால் சில மாதம் அடங்கியிருக்கும், பிறகு மறுபடி போட வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று அண்ணாச்சிக்குப் பிரசாரப் பித்துப் பிடித்தது. கடையில் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து, அதன்மேல் ஒரு நூலைப் போட்டு ஆட்டுவார். "இது நரம்பு, இது ரத்தக்குழா. இடிச்சுக்கிட்டே இருக்கு, பாத்துக்கிடுங்க." பிளவுஸ் பிட் வாங்கப் போனவர்கள் மூளையைப் பற்றிப் பாடம் கேட்டுவிட்டு, பிட்டை மறந்து திரும்பினார்கள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற ஓர் இளைஞனையும் விடவில்லை. "தம்பி, எத்தன நாளா துடிக்கு?"

"ஐயோ சேட்டா, பொடி வீணதாணு!" என்று தூசி விழுந்த கண்ணோடு அவன் ஓடினான்.

ஓணத்துக்கு முன்பு, கடையில் நிற்க இடமில்லாத ஒரு நாள், நானும் அங்கிருந்தேன். ஒரு பெண் கைக்குட்டையால் கன்னத்தை மூடியபடி நின்றார். பேச்செல்லாம் கணவர்தான்.

அண்ணாச்சி புடவையைக் கீழே வைத்தார். "அக்கா, அந்தக் கைக்குட்டையைக் கொஞ்சம் எடுப்பீங்களா?"

"என்னய்யா பேசறீங்க?" என்று கணவர் சீறினார்.

"கோவப்படாதீங்க. என் மூஞ்சியப் பாருங்க."

அடுத்த ஊசிக்கு நாள் நெருங்கியிருந்ததால் அவர் முகம் நன்றாகவே துடித்தது. அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்லக் கைக்குட்டையை இறக்கினார். அவருடைய கன்னமும் அப்படியே துடித்தது.

"பள்ளிக்கூட டீச்சர் நான். பசங்க என்னை மாதிரியே பண்ணிக் காட்டினாங்க. வேலைக்குப் போறதையே விட்டுட்டேன். பைத்தியம் பிடிக்கப்போகுதுன்னு நெனச்சேன்."

"பைத்தியமும் இல்ல, சாபமும் இல்ல டீச்சர். எனக்கு உள்ளதுதானான்னு டாக்டர்தான் சொல்லணும். பேரு தெரியாம பயந்துகிட்டு கெடக்க வேண்டாம்லா?"

அவ்வளவு கூட்டத்தையும் வெளியே அனுப்பிவிட்டு, ஷட்டரை இறக்கி, டீச்சரையும் கணவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். ஓண வியாபாரத்தை விட்டுவிட்டுப் போகிறாரே என்று பக்கத்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

டீச்சருக்கும் அதே நோய்தான். ஊசி போட்டபின் துடிப்பு அடங்கி, பள்ளிக்குத் திரும்பினார். முதல் நாளே கரும்பலகையில் நரம்பை வரைந்து, தனக்கு என்ன நோய் என்று பிள்ளைகளுக்கு விளக்கினாராம். கேட்டு முடித்த ஒரு சிறுமி, "டீச்சர், வலிக்குமா?" என்று மட்டும் கேட்டாளாம்.

கடைக்கு வந்து டீச்சர் இதைச் சொல்லிவிட்டுப் போனபின், அண்ணாச்சி அளவு டேப்பை மெல்லச் சுருட்டிக்கொண்டே, "வலிக்குமான்னு கேட்டிருக்கு அந்தப் புள்ள, பாத்துக்கிடுங்க" என்றார். எனக்கு வாங்க ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்து போக மனம் வராமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.