ஜீனி போட்டவனைத் திட்டலாமா?

குரும்பலூர் மச்சான் வீரமுத்து அவர்களுக்கு, திருமழபாடியிலிருந்து தங்கள் தங்கச்சி புருஷன் அரியமுத்து கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் பொன்னுத்தாயும் செவலைப் பசுவும் சுகம். அங்கு உங்கள் மூட்டுவலியும் சுகமாக இருக்கும்.

வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன். போர்வெல் குழாயில் இரண்டு கிலோ ஜீனியைக் கொட்டியது நான்தான். அதற்காக நீங்கள் போனில் "நீயெல்லாம் மனுசனாய்யா" என்று கேட்டது அநியாயம் மச்சான்.

போன வருஷம் டீசல் லாரி நம் கொல்லையோரம் கவிழ்ந்ததிலிருந்து தண்ணீரில் டீசல் வாடை, செவலை வாயே வைப்பதில்லை, உங்கள் தங்கச்சி தெருக்குழாய்க்குக் குடத்தோடு நடந்து இடுப்பு ஒடிகிறாள் என்று, டீசல் தின்னும் கிருமியோடு பிரவீணா என்ற ஆராய்ச்சிப் பிள்ளையை அனுப்பியதே நீங்கள்தான். அந்தப் பிள்ளை கிருமியைக் குழாயில் ஊற்றிவிட்டு, "இது வெளியூர்க் கிருமி, ரொம்ப நாள் தாங்காதுங்க. சாவுறதுக்குள்ள ஊர்க்கிருமிக்கு ஜீன் குடுத்துட்டா போதும், அதுவும் டீசல் தின்னப் பழகிக்கும்" என்றது. என் காதில் ஜீனி என்றுதான் விழுந்தது. "எவ்ளோம்மா குடுக்கும்?" என்றேன். "துளியூண்டுதாங்க." துளியூண்டு ஜீனியோடு சம்பந்தம் பேச வந்தால் நம்ம ஊர்க்கிருமி மதிக்குமா? உங்கள் தங்கச்சியைப் பெண் கேட்டு வந்தபோது நான் இரண்டு கிலோ கொண்டுவந்தேனே, வாங்கி உள்ளே வைத்தது யார்? அந்த முறைக்குத்தான், சளியில் மூக்கடைத்துக் கிடந்தவன் எழுந்து போய், பொன்னுத்தாய் கண்ணில் படாமல் பரண் டப்பாவை எடுத்து மொத்தமாகக் கொட்டினேன்.

தண்ணீரைப் பிடித்துப்போய்ச் சோதித்த பிள்ளை நேற்று ஓடிவந்து, "ஒன்னுகூட உசுரோட இல்லைங்க! வந்ததும் போச்சு, இருந்ததும் போச்சு! முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். என்னங்க போட்டீங்க?" என்றது. "ஜீனிம்மா." தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டது. "ஜீன்னு சொன்னேங்க, மரபணு! சரி, ஜீனி போட்டா கிருமி பெருகத்தானே செய்யும், எப்புடிங்க செத்துச்சு?"

அதைத்தான் மச்சான் நானும் கேட்கிறேன். விருந்து வைத்தவன்மேல் கொலைப்பழியா? கிருமிக்கும் சுகர் வந்துவிட்டதா? நீங்கள் அனுப்பிய சரக்குதான் சொத்தை. நேரில் வந்து தப்பென்று சொல்லாதவரை உங்களுக்கு இந்த வீட்டில் கறிச்சோறு கிடையாது.

அக்காவுக்கு என் கும்பிடு. வைத்தியநாத சாமி உங்கள் மூட்டையும் எங்கள் தண்ணீரையும் குணமாக்கட்டும்.

இப்படிக்கு,
அரியமுத்து

பி.கு.: இதை மடிக்கும்போது பொன்னுத்தாய் காப்பி கொடுத்தாள். இனிப்பாக இருந்தது. ஜீனி டப்பா நிரம்பத்தான் இருக்கிறது. தொட்டி கழுவுவதற்குப் பரணில் வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.